டீசல் க்ரோஸைப் பார்க்க ஒரகடம் சாலைக்குப் போன சனிக்கிழமை

டீசல் க்ரோஸ் என்ற பெங்களூர் ராக் குழுவுக்கு இன்னும் முன்னூறு ரசிகர்களாவது மிச்சம் இருக்கிறார்கள். கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அவர்களை மேடையில் நேரில் பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை எழுத வேண்டும் என்று போன மாதம் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒருவர் முதல் வரிசையில் நின்றாராம். இன்னொருவர் மேல் பாடகரின் வியர்வைத் துளி விழுந்ததாம், அதை முப்பது வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பெஞ்சமின் எழுதினான். எழுதியதோடு நிற்காமல் நாற்பத்தொரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றையும் போட்டான். அதனால்தான் இந்தக் கட்டுரை. 1991 பிப்ரவரியில் நான் போன பயணம் இது. அதே பக்கம் அடுத்த மாதம் போகத் திட்டமிடுபவர்களுக்கும் பயன்படும். நேரமும் கட்டணமும் என் பழைய டைரியில் இருந்து எடுத்தவை. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். பெஞ்சமினுக்கு டீசல் க்ரோஸை அறிமுகப்படுத்தியவன் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, அம்பத்தூரில் வரைபடப் பிரிவில் வேலை. அவன் அங்கே என்னோடு ஓராண்டு பயிற்சியில் இருந்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்புக்குப் போனவன். பென்னலூரில் சொந்த வீடு. பெங்களூரில் இருந்த என் சித்தப்பா மகன், அந்தக் குழுவே கையில் வைத்து விற்ற கேசட் ஒன்றை அனுப்பியிருந்தான். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ஏழரை நிமிடம் ஓடும். அதன் ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி பெஞ்சமினுக்குப் பொருள் சொன்னேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அந்தக் குழு தமிழ்நாட்டுக்கு வந்ததே ஒரே முறைதான், அதுவும் பெஞ்சமினின் கம்பெனி ஆண்டு விழாவுக்கு. முதலாளியின் மகன் பெங்களூரில் படித்தவன். வழக்கமான மெல்லிசைக் கச்சேரியை ரத்து செய்து இவர்களை வரவழைத்தான். தொழிலாளிக்குக் குடும்ப பாஸ் இரண்டு. பெஞ்சமினுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒரு பாஸில் என்னை அண்ணன் என்று எழுதி வாங்கிவிட்டான். அதற்கு நான் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன்.

பாரிமுனையில் பகல் 12.50க்குக் காஞ்சிபுரம் பேருந்து ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய் நாற்பது காசு. மடியில் மாமா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர். கச்சேரியை முழுசாகப் பதிவு செய்வதுதான் திட்டம். மேடையில் அவர்கள் வாசித்ததை அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. அது என் கையில் இருக்கப்போகிறது என்ற நினைப்பில் பூந்தமல்லி போனதே தெரியவில்லை. இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தது, தண்டலம் வந்தது, 2.35க்கு ஸ்ரீபெரும்புதூர். நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்பது அன்றைக்கு நல்ல வேகம். இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதுவும் நிச்சயமில்லை.

பெஞ்சமின் பேருந்து நிலையத்தில் புதுச் சட்டையில் நின்றான்.

"இன்னாடா, பெட்டியோட வந்துகீற? பொண்ணு பாக்கவா போறோம்?"

"இது இல்லாம எதுக்கு வர்றது?"

"சர்தான். வேன் கெளம்புது, ஓடியா."

கம்பெனி வேன் ஒரகடம் சாலையில் ஆறு கிலோமீட்டர் போய் இறக்கிவிட்டது. சாலையின் இருபுறமும் அன்று பெரும்பாலும் வெறும் வயல்தான். கேட்டில் நாலரைக்குத்தான் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். நடு வரிசையில் ஒலிபெருக்கிக்கு நேராக இடம் பிடித்தோம். மணி 4.40. முதலாளி பேச்சு, இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர்களுக்கு வெள்ளி விளக்கு, பிள்ளைகள் நடனம் எல்லாம் முடிந்து ஆறே முக்காலுக்குத்தான் ராக் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தது.

5.40க்கு ரெக்கார்டரைச் சோதித்துப் பார்த்தேன். பதிவு பட்டன் அமுங்கவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. வீட்டில் என் தம்பி எதன் மேலும் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்துவிடுவான் என்பதால் எந்தக் கேசட்டையும் உடனே உடைத்துவிடுவது என் வழக்கம். பழைய வானொலி நிகழ்ச்சி ஒன்றை அழித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வந்த கேசட்டையும் எப்போதோ உடைத்து வைத்திருக்கிறேன். அந்த ஓட்டையை மூடினால் பட்டன் மறுபடி அமுங்கும்.

"பஸ் டிக்கெட்ட மடிச்சி சொருவுடா," என்றான் பெஞ்சமின்.

"பேப்பர் உள்ள விழுந்தா மெஷின் போச்சு. செல்லோ டேப்தான் ஒட்டணும்."

"இங்க எங்கடா செல்லோ டேப்பு? ஆபீஸெல்லாம் பூட்டிகீது."

"பஜார்ல வாங்கிட்டு வந்துடறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீ எடத்தையும் பெட்டியையும் பாத்துக்கோ."

கேட்டில் இருந்த வயதான செக்யூரிட்டி, "சீக்கிரம் வந்துரு சார்," என்று சிரித்து அனுப்பினார். எதிரில் மணிக்கு ஒரு ரூபாய்க்கு வாடகை சைக்கிள் கிடைத்தது. எதிர்காற்றில் ஆறு கிலோமீட்டர் மிதித்தேன். மூன்றாவது கடையில் செல்லோ டேப் இருந்தது, நான்கு ரூபாய். திரும்பி வந்து கேட்டில் இறங்கியபோது 6.40. தொண்டை வறண்டிருந்தாலும் ஐந்து நிமிடம் கையில் இருந்தது.

ஆனால் ஆறு மணிக்கு ஷிப்ட் மாறியிருந்தது. வயதானவர் போய் வேறொருவர் நின்றார்.

"பாஸ் எங்க சார்?"

"உள்ள வாங்கிட்டாங்களே. பழைய செக்யூரிட்டியைக் கேளுங்க."

"அவரு வூட்டுக்குப் பூட்டாரு. வெளிய போனா போனதுதான் சார். உள்ள கீற ஆளு வந்து ரிஜிஸ்டர்ல சைன் போட்டு இட்டுனு போவணும். ரூல்ஸ் அப்டி."

பொருட்களை வெளியே கடத்தாமல் இருக்கத் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் உள்ள விதி அது. தொழிலாளிகளுக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கும். அம்பத்தூரில் வேலை செய்த எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று என் மூளை முழுக்க செல்லோ டேப்தான் இருந்தது.

உள்ளே டிரம்ஸ் அதிர்ந்தது. அந்தக் காம்பவுண்டுச் சுவரைக் கட்டியவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் பாட்டு வயல்பக்கம் போய்விட்டது. என் பக்கம் வந்தது கால் தரையில் மிதிப்பது போன்ற ஓசை மட்டும். அதையும் லாரிகளின் ஹாரன் தின்றது.

எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மா கேட்டார்: "இன்னாபா, உள்ள பேய் ஓட்றாங்களா?"

"பெரிய பேண்டும்மா. பெங்களூர்ல இருந்து வந்திருக்காங்க."

"நீ இன்னாத்துக்கு வெளிய கீற?"

எழுபத்தைந்து காசுக்கு டீ வாங்கிக் குடித்தேன்.

ஏழு மணிக்கு ஒரு தொழிலாளி மனைவியோடு வெளியே வந்தார். காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அய்ய, காது கிய்யுது சார். ஒருத்தன் தலைய விரிச்சிக்கினு கித்தார தரைல வெச்சி தேக்கிறான். பாட்டே கெடையாது. கை கொட்டிக்கினு ரெண்டு மூணு பசங்க குதிக்கிறாங்க."

கித்தாரைத் தரையில் வைத்துத் தேய்ப்பது அவர்கள் இரண்டாவது பாட்டின் முடிவில் மட்டும் செய்வது என்று சித்தப்பா மகன் எழுதியிருந்தான். அதைப் பார்க்க நான் என் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருப்பேன். இந்த மனிதர் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வந்திருக்கிறார். "உங்க பாஸைக் குடுங்களேன்," என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். "அதான் உள்ள வாங்கிக்கினாங்களே சார்," என்றார், என்மேல் இரக்கப்பட்டு. அவருடைய இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் படுத்திய பாட்டில் செக்யூரிட்டி மேடைக்கு போன் செய்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "மெஷின் ஷாப் பெஞ்சமின், உங்கள் அண்ணன் கேட்டில் காத்திருக்கிறார். உடனே வரவும்."

"சொல்லியாச்சு சார். வருவாரு," என்றார் செக்யூரிட்டி.

மணி 7.10. நான் செல்லோ டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே டிரம்ஸ் குச்சிகள் நான்கு முறை தட்டிக்கொள்ளும் ஓசை கேட்ட மாதிரி இருந்தது. ஏழரை நிமிடப் பாட்டு அப்படித்தான் தொடங்கும். பெஞ்சமின் வரவில்லை. அடுத்த பாட்டுக்கும் வரவில்லை.

8.15க்குக் கூட்டம் கலைந்தபோது வந்தான். சட்டை நனைந்திருந்தது. ஒரு கையில் என் ரெக்கார்டர், மறு கையில் உடைந்த டிரம்ஸ் குச்சி. டிரம்மர் அவனிடமே நீட்டினானாம்.

"எங்கடா போய்ட்ட? செம்மடா! செத்துட்டேன்!"

"அனவுன்ஸ் பண்ணாங்களேடா. கேக்கல?"

"எங்கடா கேக்குது? காதுல ரத்தம் வராத கொறைதான். அம்மா மேல சத்தியமா கேக்கல."

"ரெக்கார்டிங்?"

"பஸ் டிக்கெட்ட சொருவி ட்ரை பண்ணேன்டா. டேப்பு சிக்கிக்கிச்சி, பிச்சி எறிஞ்சிட்டேன்."

நம்பினேன். காகிதம் சொருகினால் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னது சரியாகிவிட்டதில் எனக்கு ஒரு சின்ன திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியோடுதான் இத்தனை வருடம் ஓட்டினேன். அவன் கல்யாணத்துக்குப் போனேன். அவன் மகனின் ஞானஸ்நானத்துக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் அவன் வீட்டு அலமாரியில் அந்தக் குச்சி இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காதது போல இருந்தேன்.

போன மாதம் அவன் போட்டது அந்தக் கேசட். டேப் சிக்கவே இல்லை. பஸ் டிக்கெட் நாற்பத்தொரு நிமிடமும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. குழுவில் எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். டீசல் க்ரோஸின் ஒரே மேடைப் பதிவு, எங்கள் பெஞ்சமின் சாருடையது. என் கேசட், என் மாமாவின் மெஷின் என்று எழுதத் தொடங்கி அழித்தேன்.

ஹெட்போன் மாட்டி நான்கு முறை கேட்டேன். பதினேழாவது நிமிடத்தில் மூன்றாவது பாட்டு முடிகிறது. கைதட்டல். "மெஷின் ஷாப் பெஞ்சமின், உங்கள் அண்ணன் கேட்டில் காத்திருக்கிறார்." பிறகு ரெக்கார்டரின் மைக்குக்கு மிக அருகில் யாரோ ஒரு தொழிலாளி: "டேய், உன்னியத்தான் கூப்புட்றாங்க." அதற்குப் பெஞ்சமினின் குரல், அவனுடைய இருபத்திரண்டு வயதுக் குரல்: "தெரியும்பா. இந்த ஒரு பாட்டு முடியட்டும்." உடனே குச்சிகள் நான்கு முறை தட்டிக்கொள்கின்றன.

கேசட்டை ஏன் மறைத்தான் என்று அப்போது புரிந்தது. இப்போது ஏன் வெளியிட்டான் என்பது தெரியவில்லை. அந்த வரி இருப்பதையே மறந்திருக்கலாம். நான் கேட்க வேண்டும் என்றே போட்டிருக்கலாம். அவனிடம் நான் கேட்கவில்லை. அவன் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்தப் பாட்டை அவனுக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான் உள்ளேயும் அவன் கேட்டிலும் இருந்திருந்தால் நானும் எழுந்திருக்க மாட்டேன். அவன் துரோகத்தைவிட அந்த ஏழரை நிமிடம்தான் என்னை அரிக்கிறது.

இனி போகிறவர்களுக்கு. டீசல் க்ரோஸில் மிஞ்சிய மூன்று பேர் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒரகடம் கூட்டுரோடு அருகே ஒரு திறந்தவெளியில் வாசிக்கிறார்கள். மாலை ஆறரைக்கு. தாம்பரத்தில் இருந்து படப்பை வழியாகப் போவது நல்லது, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். மூன்றரை மணி ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் சாலையை அடைத்துவிடும், அதனால் மூன்றுக்குள் தாண்டிவிடுங்கள். காதுக்குப் பஞ்சு தேவையில்லை, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. கையில் கட்டும் பட்டையைக் கழற்றினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். எதை மறந்து வந்திருந்தாலும் வெளியே போகாதீர்கள்.

பெஞ்சமின் நேற்று போன் செய்தான். "ரெண்டு டிக்கெட் எடுத்துட்டன்டா. ஆனா நான் மருந்துக் கடைக்குப் போய்ட்டு கொஞ்சம் லேட்டாத்தான் வருவன். உன் டிக்கெட்ட அனுப்பிட்றன், நீ முன்னாடி போ. என் டிக்கெட்டும் உன் போன்லயே இருக்கட்டும், எனுக்கு இதெல்லாம் சரியா வராது. கேட்டாண்ட வந்து கூப்புட்றன், வந்து இட்டுனு போ."

சரி என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு டிக்கெட்டும் என் போனுக்கு வந்துவிட்டன. நான் கேட்டுக்குப் போவது, அவன் வந்து கூப்பிடும்போது எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.