இடது கைத் திருடனும் ஈரத் துணியும்

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் தொழிலில், படத்தில் யார் தப்பு செய்தாலும் ஏச்சு வாங்குவது நாம்தான். வேறொருவர் காரியத்துக்குப் பதில் சொல்லியே பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும். மலாயாவின் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கூடாரக் கொட்டகையில், துப்பறியும் குறும்படங்களுக்கு நான் தமிழ் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் ஆங்கில எழுத்து வந்ததும் படித்து, துப்பறிவாளராகவும் திருடனாகவும் மாறி மாறிப் பேச வேண்டும். இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுபவர் மாட் என்ற மலாய்க்காரர்.

துணிக்கு அந்தப் பக்கம்

திரை என்பது வெறும் வெள்ளைத் துணி. வெளிச்சம் ஊடுருவுவதற்காக அதில் தண்ணீர் தெளிப்போம். இயந்திரம் இருக்கும் முன்பக்கம் நாற்காலி, பின்பக்கம் பாய். பாயில் இருப்பவர்களுக்குப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித் தெரியும். ஈரத் துணியில் சாம்பல் நிற மனிதர்கள் நடமாடத் தொடங்கினால் நான் பாதித் தூக்கத்தில் மிதப்பவன் ஆகிவிடுவேன். இடமாவது வலமாவது, எனக்கு எதுவும் உறைக்காது.

ஒரு படத்தில், பெட்டிப் பூட்டின் இடப்பக்கக் கீறலைப் பார்த்துத் திருடன் இடது கைக்காரன் என்று துப்பறிவாளர் முடிவு செய்வார். குமாஸ்தா இடது கையால் சுருட்டுப் பற்றவைத்து அகப்பட்டுக்கொள்வான். நான் உருகி உருகிச் சொல்லி முடித்ததும், பாயிலிருந்து ஈயச் சுரங்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். “அவன் வலது கையாலதான் பத்த வச்சான். ஆசுபத்திரிக்குப் போயி கண்ணைக் காட்டுங்கண்ணே.”

விலங்கு முதலில்

அடுத்து பத்து காஜா என்ற ஊரில் கூடாரம் போட்டபோது மாட் படச் சுருள்களை மாற்றிப் போட்டுவிட்டார். முதலில் குமாஸ்தாவுக்கு விலங்கு மாட்டினார்கள், பிறகு அவன் திருடப் போனான். வெளியே மழை, உள்ளே எல்லோரும் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்த மனம் வராமல், இது துப்பறிவாளர் கண்ட கனவு என்று சமாளித்தேன். போகும்போது ஒரு தோட்டத்து ஆள் என் தோளைத் தட்டினார். “முதல்ல கைது, அப்புறம் குத்தம். கனவு இல்ல தம்பி, எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் லா.”

வெற்றிலைப் பெட்டி

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு நாள் படம். நாற்காலியில் கங்காணி, பாயில் தொழிலாளர்கள். முதல் நாள் அந்த இடது கைப் படம்தான் ஓடியது.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் கங்காணி ஒரு செய்தி சொன்னார். அவருடைய வெள்ளி வெற்றிலைப் பெட்டி காணாமல் போய் ஒரு வாரம். அது இருந்த டிரங்குப் பெட்டியின் பூட்டில் இடப்பக்கம் கீறல் இருப்பதை நேற்றுப் படம் பார்த்துவிட்டுத்தான் கவனித்தாராம். அந்தத் தோட்டத்தில் இடது கையால் பால் எடுக்க மரம் வெட்டுபவர் செல்லமுத்து ஒருவர்தான். மறுநாள் விடிவதற்குள் பெட்டி வராவிட்டால் அவர் குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நான் ஓடிப்போய், அது வெறும் கதை என்றேன். கண்ணால் பார்த்தது கதையா என்று கேட்டு அனுப்பிவிட்டார். மத்தியானம் நான் துணி அலசிக்கொண்டிருந்த இடத்துக்குச் செல்லமுத்துவின் மனைவி பாக்கியம் வந்தாள். நிறைமாதம். அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. “அந்தக் கதையை நீங்கதானே சொன்னீங்க அண்ணே. இன்னிக்கு மாத்திச் சொல்லுங்க.”

அதே படம், மறுபடியும்

வாயால் மாற்றினால் போதாது, கங்காணிக்குக் கண் இருக்கிறதே. அப்போதுதான் ஈப்போவில் என் கண்ணைச் சந்தேகப்பட்டவர் நினைவுக்கு வந்தார். மாட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இயந்திரத்தைப் பாய்ப் பக்கம் தூக்கி வைத்தார். நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அன்று வரவில்லை. எழுத்துகள் இடம் வலம் புரண்டு வந்ததைக் கேட்க ஆளில்லை.

குமாஸ்தா சுருட்டுப் பற்றவைத்தான். கங்காணியின் பக்கம் அது வலது கை. “வலது கைக்காரன்தான் திருடன்” என்றேன். பாயிலிருந்தவர்கள் இடது கை, இடது கை என்றார்கள். கங்காணி எழுந்து துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அவர் நிழல் துணியில் விழுந்தது. துப்பறிவாளரும் அவரும் சேர்ந்து எதையோ தேடுவதுபோல இருந்தது. பிறகு நாற்காலிக்கு வந்து, தன் வலது கையில் புகைந்துகொண்டிருந்த சுருட்டையே பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் பெரட்டில் செல்லமுத்துவின் பேரையும் கூப்பிட்டார்கள். அவர் வேலையும் வீடும் தப்பின. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த என்னிடம் கங்காணி வந்தார். “ரெண்டு பக்கமும் நின்னு பாத்தேன் தம்பி. அந்தப் பக்கம் அவன் திருடன், இந்தப் பக்கம் நான் திருடன். பெட்டி போனா போவுது.”

இத்தனை காலத்தில் நான் பிடித்துக் கொடுத்த திருடர்கள் எல்லோரும் ஈரத் துணியில் இருந்தவர்கள், விடுவித்த ஒரே ஆள் மட்டும்தான் நிஜம்.