எந்த பேங்க் என்று மட்டும் கேட்காதீர்கள்

இன்வெஸ்ட்மென்ட் பேங்க் உத்தியோகத்தில் வேலையைவிடக் கஷ்டமானது, எங்கே வேலை என்று நாலு பேரிடம் சொல்வது.

ஊரே வைகிற இடத்தில் சம்பளம் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். குழாயில் தண்ணீர் வராத தெருவில் குடியிருக்கும் வாட்டர் டேங்க் ஆபரேட்டர், மின்வெட்டுக் காலத்தில் கல்யாண வீட்டுக்குப் போகும் மின்துறை ஊழியர், இவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. என்னுடையது ஒரு பெரிய அமெரிக்க பேங்க்கின் சென்னை ஆபீஸ். நியூயார்க்கில் ஒருத்தர் வாங்கினேன் என்பார், லண்டனில் ஒருத்தர் விற்றேன் என்பார். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்களா என்று சரிபார்ப்பது என் வேலை. வாங்கியதும் நானில்லை, விற்றதும் நானில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் என் அம்மா, முதுகை ஒடித்த தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினார். அதற்காக அந்த பேங்க்குக்கு அன்றைக்கும் நன்றி சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

கிழிந்த நோட்டு

வாரக் கடைசியில் கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவேன். பேங்க்கில் வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு சரோஜா அக்கா, புருஷன் சட்டையோடு துவைத்து ரெண்டாகப் போன ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, மாற்றித் தரச் சொன்னார்.

எங்கள் பேங்க்கில் கவுன்ட்டர் கிடையாது, பாஸ்புக் கிடையாது, நோட்டே கண்ணில் படாது என்று விளக்கினேன். பெரிய கம்பெனிகளுக்குப் பணம் திரட்டிக் கொடுப்போம், பத்திரங்களை வாங்கி விற்போம் என்றேன். அக்கா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கிழிஞ்ச நோட்டைக்கூட மாத்த வக்கில்லாத பேங்க்ல போயி இன்னாத்தப்பா வேலை பண்றே?"

காலாப்பட்டில் ஏறியவர்கள்

2008 கடைசியில் அமெரிக்க பேங்க்குகள் கொடுத்த கடனெல்லாம் மூழ்கி உலகமே தலைகீழானது. யார் யாரோ வேலை இழந்தார்கள். பேப்பரைத் திறந்தால் எங்கள் பேங்க்கின் சின்னம். அதே சின்னம் என் ஆபீஸ் பையிலும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஈ.சி.ஆர். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காலாப்பட்டில் ரெண்டு மாணவர்கள் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்கள். எங்கள் பேங்க்கைத் தாய், தகப்பன், பாட்டன் வரைக்கும் திட்டினார்கள். நியாயமான திட்டுதான், சில இடங்களில் நானே தலையாட்டினேன். பிள்ளைச்சாவடியில் மீன் கூடையோடு ஏறிய அம்மா ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பரைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், பேப்பரைத் திரும்பப் பார்த்தார். அப்புறம் என் காதோரம் குனிந்து சொன்னார்.

"தம்பி, அதுல போட்டுக்கீற படமும் உன் பையில இருக்கற படமும் ஒண்ணாட்டம் இருக்குது. பையைத் திருப்பி வெச்சிக்கோ."

பேர் தெரியாத அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

வாடகை வீடு

அதே மாதம் என் பக்கத்து சீட்டு சுதாகர் சென்னையில் வீடு தேடினான். விழுப்புரத்துப் பையன், பொய் சொல்லத் தெரியாதவன். மூன்று வீட்டுக்காரர்களிடம் பேங்க் பேரைச் சொன்னான். மூன்று பேரும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. நாலாவது வீடு உடனே கிடைத்தது. எப்படியடா என்று கேட்டேன்.

"கால் சென்டர்னு சொல்லிட்டேன் மச்சி, உள்ள உக்கார வெச்சி காபி குடுத்தாங்க."

வொலேர்

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஜோஸ்லின், ஆரம்பப் பள்ளி டீச்சர். பார்த்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது, வேறு எந்தப் பெண்ணையும் போய்ப் பார்க்கும் எண்ணமே வரவில்லை. அவள் அப்பா முசியே அந்துவான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம், மரியாதைக்கு முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். மூத்த மகன் பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். ஆட்குறைப்பில் அந்த வருஷம்தான் அவன் வேலை போயிருந்தது.

நாங்கள் போன நேரம் டிவியில் பிரெஞ்சு செய்தி ஓடியது. எங்கள் பேங்க்கின் கட்டடத்தைக் காட்டினார்கள். முசியே பிஸ்கட் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு டிவியைப் பார்த்து, "வொலேர்! வொலேர்!" என்று கத்தினார். வொலேர் என்றால் பிரெஞ்சில் திருடன். மகன் வேலையைத் தின்றது அந்தக் கட்டடம்தான் என்பது அவர் முடிவு. கத்தி முடித்து என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க எந்த பேங்க்?" என்றார். அவசரமாக ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன். முந்திக்கொண்டு அம்மா பதில் சொன்னார்.

"அமெரிக்காவுல பேங்க்குக்கா பஞ்சம்? அதுல ஒண்ணுங்க."

ரெண்டு ஓலை முடிந்தது

எங்கள் மாதா கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் எல்லார் முன்னும் அறிவிப்பது. முதல் ஓலைக்கு வியர்த்தது. ரெண்டாவது ஓலையில் "தடை" என்ற வார்த்தை வந்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மகன் வேலை போன வீட்டுக்குள் அந்தக் கட்டடத்துச் சம்பளத்தோடு ஒளிந்து நுழைய எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் ஜோஸ்லின் கிடைக்காமல் போகலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரை ரோட்டில் ஜோஸ்லினிடம், "உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவள் முகம் வெளிறிப்போய், துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பேங்க் பேரைச் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டுச் சிரித்த சிரிப்பில் சுண்டல்காரரே திரும்பிப் பார்த்தார்.

"அட, பேங்க்கா! நான் யாரோ பொண்ணுன்னு நெனச்சி செத்தே போயிட்டேன். பப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க, அவரு பின்னால தெரிஞ்சிக்கிட்டா தாங்கமாட்டாரு."

தடை

சனிக்கிழமை சாயங்காலம், மூன்றாவது ஓலைக்கு முதல் நாள், முசியே வீட்டுக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் டிவியை அணைத்தார். சட்டை மாற்றினார், ஷூ போட்டு லேஸ் கட்டினார். "வா" என்றார். எங்கே என்று கேட்டதற்கு, "தடை இருந்தா சாமியார்கிட்டதான சொல்லணும், என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்த வரிசையைத் தாண்டி நேராகச் சாமியார் முன் போய் விறைப்பாக நின்றார். "மோன் பேர், நாளைக்கு ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கேன்." சாமியாரைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யார் ஓலைக்கு என்று சாமியார் கேட்டார். "என் பொண்ணு ஓலைக்குத்தான்." சாமியார் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "தம்பிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை. "ரத்த சொந்தமா?" அதுவும் இல்லை. "பின்ன?" முசியே பேங்க் பேரைச் சொல்லி, பையன் அங்கேதான் வேலை செய்கிறான் என்றார். சாமியார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "முசியே, கொலை பண்ணியிருந்தாக்கூட தடைன்னு சட்டத்துல இருக்குது. பேங்க்ல வேலை பண்ணா தடைன்னு இல்லீங்களே." வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முசியே அசையவில்லை.

"நல்லா பாத்துட்டீங்களா, மோன் பேர்?"

உருளைக்கிழங்கு

திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில் அவர் நின்றார். பேங்க்கில் நீ செய்கிற வேலை என்ன என்று கேட்டார். நியூயார்க்காரர் சொல்வதும் லண்டன்காரர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன் என்றேன். "அவ்வளவுதானா?" "அவ்வளவுதாங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அல்ஜீரியாவுல யூனிஃபார்மோட நான் கடைக்குள்ள நுழைஞ்சா பேச்சே நின்னுடும். நானு மெஸ்ஸுல உருளைக்கெழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தவன், அது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்றாவது ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். "தடை" என்ற வார்த்தைக்கு அப்புறம் சாமியார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினார், பார்வை முசியே பக்கம் போனது. அவர் இருமினார், அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூசை முடிந்து வாசலில் அவருடைய பழைய ராணுவக் கூட்டாளிகள் கூடி நின்றார்கள். எல்லாருக்கும் மகனோ மருமகனோ பிரான்சில், எல்லாரும் அதே செய்தியைப் பார்க்கிறவர்கள். நான் ஓரமாக நழுவப் பார்த்தேன். முசியே என் தோளைப் பிடித்து நடுவில் இழுத்து நிறுத்தினார். ஆறு மாதமாக நான் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிய பேங்க் பேரைக் கோவில் வாசலே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அந்த வொலேருங்க பேங்க்லதான் நம்ம மருமகனுக்கு வேலை. அவனே வீட்டுக்கு வந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான். இப்ப சொல்லுங்க, உங்கள்ல யாருக்கு இந்த மாதிரி மருமகன் இருக்குது?"

அந்த பேங்க் எனக்குக் கொடுத்த போனஸ்களில் கடைசிவரை நிலைத்தது, செய்தி முடியும்வரை வாயாரத் திட்டிவிட்டு, முடிந்ததும் "வா, சாப்பிடலாம்" என்று கூப்பிடுகிற மாமனார் ஒருவர்தான்.