ஒரே கிளாஸ்ல அஞ்சு திவ்யா

சாக்பீஸ் தூளும், சரியா காயாம போட்டுக்கினு வந்த யூனிஃபார்ம் நாத்தமும் கலந்து அடிக்கிற காலை நேரத்துல, திண்டிவனத்துல எங்க மூணாங்கிளாஸ் மிஸ் "திவ்யா"ன்னு ஒரு தடவை கூப்புட்டா போதும், ரூமோட நாலு மூலையிலேருந்தும் நடுவுலேருந்தும் மொத்தம் அஞ்சு குரல் "உள்ளேன் மிஸ்"னு ஒண்ணா கத்தும். இனிஷியல் சேத்து கூப்புட்டு பாத்தாங்க, அதுலயும் ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியல். கடைசியில கிளாஸ் பசங்களே ஒரு வழி கண்டுபுடிச்சானுங்க. ரயில்வே கேட்டாண்ட வீடு இருக்கறவ "கேட்டு திவ்யா", முன்பல்லு உழுந்தவ "ஓட்டப்பல்லு திவ்யா", எங்கப்பா மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, மூட்டை எடை போட்டுக்கினு இருந்ததால நான் "மல்லாட்டை திவ்யா". ஸ்கூல் முடியிறவரைக்கும் அந்த பேரு என்னை உடவே இல்ல. செம பேஜாரு.

ஒரு நாளு அழுதுக்கினே அப்பாகிட்ட போய், "எனக்கு வேற பேரு வைப்பா, ஊர்ல யாருக்குமே இல்லாத பேரா வை"ன்னு கேட்டேன். அவரு சட்டையில ஒட்டியிருந்த மல்லாட்டை தோலை தட்டி உட்டுக்கினே, "பேருன்னா கூப்புடறதுக்குடி, பூட்டி வெக்கறதுக்கா?"ன்னாரு. மொக்க டயலாக்னு நெனச்சேன்.

இதையெல்லாம் இப்ப ஏன் கிளறுறேன்னா, காரணம் எங்க அண்ணி. அண்ணிக்கு விழுப்புரத்துல, அவங்க அம்மா வீட்ல, போன மாசம் பொண்ணு பொறந்துச்சு. காலேஜ் படிக்கும்போதே அவங்க முடிவு பண்ணி வெச்சிருந்த பேரு யாழினி. கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணன்கிட்ட போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்னா பாத்துக்கோங்க. ஆனா ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, "இந்த வார்டுலயே இன்னொரு யாழினி கீது, அங்கன்வாடி பக்கம் போய் பாரு, கொட்டி கெடக்குது"ன்னு சிரிச்சிக்கினே சொல்லிட்டு போயிட்டாங்க. அவ்ளோதான், அண்ணிக்கு தூக்கம் போச்சு. ஃபோன்ல தேடித்தேடி ஹ்ரித்விஷான்னு ஒரு பேரை புடிச்சாங்க. எங்கப்பா அதை சொல்ல ட்ரை பண்ணதை கேட்டா, வாயில சுடுசோறு இருக்கற மாதிரி இருந்துச்சு. அண்ணனை கேட்டா, "எனக்கு எதுனாலும் ஓகே"ங்கறான், தப்பிச்சிக்கறதுல அவன் கில்லாடி.

எங்க வழக்கத்துல அப்பா அம்மா என்ன பேரு செலக்ட் பண்ணாலும், அதை மொதல்ல கொழந்தை காதுல சொல்றது அத்தைதான். அத்தை வாயிலேருந்து வந்துட்டா அதுதான் பேரு, அதுக்கு மேல அப்பீல் கெடையாது. அதனால பேரு வெக்கற அன்னிக்கு காலையிலயே அண்ணி எனக்கு ஃபோன் போட்டாங்க.

"திவ்யா, நீயே சொல்லு. அஞ்சு பேர்ல ஒருத்தியா இருந்தவ நீதான். கஷ்டமா இருந்துச்சா, இல்லியா? பொய் சொல்லாத. நீ கஷ்டம்னு சொன்னா நான் இந்த பேரை உட்டுடறேன்."

"நேர்ல வந்து சொல்றேன் அண்ணி"ன்னு வெச்சிட்டேன். திண்டிவனத்துல பஸ் ஏறும்போது என்கிட்ட பதில் ரெடி. ஆமா, செம கஷ்டம், மாத்திடுங்க. ஆனா ஜன்னல் ஓரம் உக்காந்ததும் மேல்மலையனூரு ஞாபகம் வந்துச்சு, அந்த பதில் அப்பிடியே ஆட்டம் கண்டுடுச்சு.

அதே மூணாங்கிளாஸ் வருஷம்தான். அங்காளம்மன் எங்க குலதெய்வம், வருஷத்துக்கு ஒரு அமாவாசைக்காச்சும் குடும்பத்தோட போயிடுவோம். அன்னிக்கு சாயங்காலம், கால்ல மிதிபட்ட எலுமிச்சம்பழமும் குங்குமமும் சேந்து சேறாயிருந்த வழியில, பொம்மை கடையில சுத்திக்கினு இருந்த ஒரு பிளாஸ்டிக் காத்தாடிய பாத்துட்டு அம்மா கைய உட்டேன். திரும்பினா அம்மா இல்ல. எங்க பாத்தாலும் வெறும் இடுப்புங்க, பையிங்க. ஒரு போலீஸ்கார அண்ணன் என்னை தூக்கிக்கினு போய் மைக்செட்டாண்ட உட்டாரு.

"பேரு இன்னா பாப்பா?"ன்னு கேட்டாரு மைக்காரரு.

"திவ்யா."

"எந்த ஊரு? அப்பா பேரு?"

அதுக்குள்ள எனக்கு விக்கல் வந்துடுச்சு, ஒண்ணும் வரல. அவரும் எவ்ளோ நேரம் காத்துக்கினு இருப்பாரு? "திவ்யா என்ற பெண் குழந்தை இங்க இருக்குது, பெத்தவங்க சீக்கிரம் வாங்க"ன்னு ஊரும் இல்லாம அடையாளமும் இல்லாம மைக்குல சொல்லிட்டாரு.

கொஞ்ச நேரத்துல கூட்டத்தை பொளந்துக்கினு ஒரு அம்மா வந்தாங்க. தலை கலைஞ்சி, கால்ல செருப்பு இல்லாம, "திவ்யா! அடியே திவ்யா!"ன்னு கத்திக்கினே வந்தவங்க என்னை பாத்ததும் அப்பிடியே நின்னுட்டாங்க. அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கல. அவங்க பொம்மையார்பாளையத்துக்காரங்க, வீட்டுக்காரரு கடலுக்கு போறவரு. அவங்க பொண்ணும் திவ்யா, அதுவும் காணோம். மைக்காரரு அந்த பொண்ணோட ஊரு, கவுன் கலரு எல்லாம் சொல்லி திரும்ப அறிவிச்சாரு. "இங்கயே இரும்மா, நீயும் கெளம்பி தொலைஞ்சிடாத"ன்னாரு.

அவங்க என் பக்கத்துல உக்காந்தாங்க. நான் அழுறதை கொஞ்ச நேரம் பாத்தாங்க, அப்புறம் என்னை இழுத்து மடியில போட்டுக்கினு, முந்தானையால மூக்கை தொடச்சி, "அழாத திவ்யா, வந்துருவாங்க திவ்யா"ன்னு முதுகுல தட்டிக்கினே இருந்தாங்க. அதை என்கிட்ட சொன்னாங்களா, எங்கியோ நின்னுக்கினு இருந்த அவங்க பொண்ணுகிட்ட சொன்னாங்களா, தெரியல. ஆனா எனக்கு விக்கல் நின்னுச்சு.

அப்பதான் எங்கப்பா வந்தாரு. தோள்மேல ஒரு பொண்ணு. பின்னாடியே அம்மாவும் அண்ணனும். அந்தம்மா என்னை கீழ எறக்கி உட்டுட்டு பாய்ஞ்சாங்க, அப்பா தோள்லேருந்து அந்த பொண்ணு எகிறுச்சு, நான் அப்பா கால கட்டிக்கினேன். ஒரு நிமிஷம் யாரு யாரை புடிச்சிக்கினு அழுதாங்கன்னே புரியல. மைக்காரரு மட்டும், "இன்னாபா, அவங்கவங்க திவ்யா அவங்கவங்ககிட்ட வந்துடுச்சா? நல்லா செக் பண்ணி எடுத்துக்கினு போங்க"ன்னாரு.

திரும்பி வர்ற பஸ்ல அம்மா திட்டு ஓஞ்சதும், அப்பா என்னை மடியில வெச்சிக்கினு சொன்னாரு: "மைக்குல உன் பேரை கேட்டு ஜல்தியா ஓடியாந்துக்கினு இருந்தேன். கொளத்தாண்ட அந்த புள்ள நின்னுக்கினு, 'திவ்யான்னு என்னத்தான் கூப்புடறாங்க, எனக்கு வழி தெரியல'ன்னு அழுதுச்சு. அது வேற எதுனா பேரா இருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன்மா. உன்ன தேடி ஓடறவனுக்கு எந்த புள்ள அழுவறதும் காதுல உழுவாது. உன் பேரா போச்சு, காலு நின்னுடுச்சு."

இதைத்தான் விழுப்புரத்துல அண்ணிகிட்ட சொன்னேன். வீடு முழுக்க சொந்தக்காரங்க, சமையக்கட்டுல கேசரி வாசனை, கட்டில்ல மடியில பாப்பாவோட அண்ணி. "கஷ்டமாத்தான் இருந்துச்சு அண்ணி, மல்லாட்டைன்னு கூப்புட்டவன் எவனையும் நான் மன்னிக்கல. ஆனா அந்த பேரு எனக்கு மட்டும் இருந்திருந்தா, எனக்கு அன்னிக்கு ஒரு மடி கெடச்சிருக்காது, அந்த பொண்ணுக்கு ஒரு தோளு கெடச்சிருக்காது"ன்னேன். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கினு, "அந்தம்மா பேரு இன்னா?"ன்னு கேட்டாங்க. தெரியாது. ஒரு தேங்க்ஸ்கூட நான் சொல்லல. இப்பல்லாம் அமாவாசைக்கு போனா, கொழந்தை கையில பேனாவால ஃபோன் நம்பரை எழுதி உட்டுடறாங்க, காணாம போன நிமிஷமே ஃபோன் அடிச்சிடுது. ரொம்ப நல்லது, நானே எழுதி உடுவேன். ஆனா வேற ஒருத்தி பொண்ணை மடியில போட்டுக்கினு காத்துக்கினு இருக்கற அந்த நேரம் இப்ப யாருக்கும் வாய்க்கறதில்ல.

"என்ன சொல்லட்டும் அண்ணி?"

அவங்க பாப்பாவை என்கிட்ட நீட்டுனாங்க. "எனக்கு புடிச்சதையே சொல்லு."

குனிஞ்சி, பால் வாசனை அடிக்கிற அந்த குட்டி காதுல, மூணு தடவை சொன்னேன். யாழினி. மூணாவது தடவை சந்தோஷத்துல கொஞ்சம் சத்தமாவே வந்துடுச்சு போல, வாசப்படியில கேசரி தின்னுக்கினு இருந்த பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு திரும்பி, "இன்னா?"ன்னு கேட்டுச்சு. வீடே சிரிச்சுது. "இங்க வாடி, உன் பேருதான் பாப்பாவுக்கும்"னு அண்ணி அதை பக்கத்துல இழுத்து உக்கார வெச்சாங்க. அந்த யாழினி இந்த யாழினி கன்னத்தை ஒத்த விரலால தொட்டு பாத்துட்டு, என்னை நிமிந்து பாத்துச்சு.

"உங்க பேரு இன்னா அக்கா?"

"திவ்யா."

"திவ்யாவா?"ன்னு அது கண்ணை விரிச்சுது. "எங்க ஸ்கூல்லயே யாருக்கும் இல்ல. புது பேரா கீதே!"