கால் ஆறும்வரை கரும்பு

நேற்று மாலை வடக்கனந்தல் பக்கம் வெட்டி முடித்த ஏதோ ஒரு கழனியில் சோகையைக் கொளுத்தியிருந்தார்கள். கரும்பின் காய்ந்த இலை எரிகிற வாசனை முதலில் இனிக்கும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். தொலைக்காட்சியில் அப்போதுதான் ஒரு நாட்டுக் கால்பந்துக் கேப்டனை, பெரிய போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். காலை அடித்தவனுக்கு எத்தனை ஆட்டம் தடை போடலாம் என்று கோட்டு போட்ட நான்கு பேர் வாதாடினார்கள். எங்கள் கேப்டன் அந்த வாதத்தை ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார் என்று தோன்றியது. டிவியை நிறுத்திவிட்டுப் புகையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கேப்டன் கரும்பு வெட்டுகிறவர். இளவட்டங்களாக இருந்தபோது கச்சிராயபாளையத்தில், அணைக்குக் கீழே ஒரு பொட்டலில் நாங்கள் ஆடினோம். விடியுமுன் கத்தியோடு கிளம்பி, பிற்பகலில் லாரிக்குக் கரும்பு ஏற்றிவிட்டு, சோகை கீறிய கைகளோடு நேரே ஆட்டத்துக்கு வருவார். வெறுங்கால். அந்தக் காலிடம் பந்து வந்தால் வீட்டுக்கு வந்த மாதிரி அடங்கி நிற்கும்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பந்தை விட்டுவிட்டுக் காலை அடித்து ஒருவனைப் படுக்கவைத்தால், அவன் எழுந்து நடக்கும்வரை அடித்தவன் ஆடக்கூடாது. அதோடு, படுத்தவனின் வேலைக்கும் அடித்தவனே போகவேண்டும். கூலி படுத்தவன் வீட்டுக்கு. எங்களில் பாதிப்பேர் அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவர்கள். எங்கள் கோல்கீப்பர் ஒருமுறை இரண்டு வாரம் செங்கல் சூளையில் மண் மிதித்தான். அதன்பிறகு அவன் யார் மீதும் பாயவில்லை.

பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் பெரிய போட்டி. பத்து நாள்தான் இருந்தது. நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். பயிற்சியில் கேப்டன் என்னை இரண்டுமுறை ஏமாற்றிக் கடந்தார். "இன்னா ஸ்டாப்பரு, நட்டு வெச்ச கம்பம் மாதிரி நின்னுக்கினு இருக்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எல்லாரையும் அப்படித்தான் கேலி செய்வார். ஆனால் நான் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. அவர் வெட்டும் கரும்பில் எங்களுடையதும் உண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. மூன்றாம் முறை நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அவருக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. சின்னச் சத்தம். "வழுக்கிடுச்சு" என்றேன். தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது.

மறுநாள் அணி முழுவதும் அவர் வீட்டு வாசலில் நின்றது. கேப்டனும் இல்லாமல் ஸ்டாப்பரும் இல்லாமல் போனால் முதல் ஆட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான், வழுக்கியதற்கெல்லாம் சட்டம் எதற்கு என்றார்கள். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய காலைக் கட்டிலில் நீட்டியபடி அவர் எல்லாரையும் பேசவிட்டார். பிறகு, "ஒங்க காலுக்கு ஒண்ணு, என் காலுக்கு ஒண்ணுன்னா சட்டம் போட்டேன்?" என்றார். அவ்வளவுதான்.

என் அப்பா பணத்தோடு போனார். நான் பின்னால் நின்றேன்.

"எவ்ளோ ஆவும் சொல்லு, குடுத்துடறேன். எம் புள்ள கரும்பு வெட்றதா?"

"காசு வேணாங்க. காசுல முடியும்னா, காசு இருக்கறவன் தெனம் ஒரு கால ஒடைப்பான். காலையில அனுப்பி வுடுங்க."

அப்பா நினைத்திருந்தால் அந்த வருஷம் எங்கள் கழனிக்கு வேறு வெட்டுக் கூட்டத்தைக் கூப்பிட்டிருக்கலாம். அது தெரிந்துதான் கேப்டன் பேசினார். 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை, பார்வையும் தாழவில்லை. வழியெல்லாம் அப்பா "போவாத" என்றார். நான் போனேன். துணிச்சல் ஒன்றுமில்லை. கேப்டன் குரலில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்; அது இல்லாததுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

முதல் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. சோகை கழுத்தை அறுத்தது. "கரும்பத் தடவிக் குடுத்துக்கினு இருந்தா எப்ப தம்பி லாரி ஏத்துறது? அடியோட வெட்டு" என்றார் கேப்டனின் மனைவி, பக்கத்துச் சாலில் வெட்டிக்கொண்டே. கூட்டமே சிரித்தது. இந்தமுறை அது வெறும் சிரிப்பாகக் கேட்டது. ஒரு வாரம் கழித்து வெட்டு எங்கள் கழனிக்கே வந்தது. வரப்பில் நின்ற அப்பாவை, எங்கள் கரும்பையே கட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். இரண்டு கோல். கோட்டுக்கு வெளியே கேப்டன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். கடைசிவரை கை தட்டினார். முடிந்ததும், "நீ இருந்திருந்தா ஒண்ணு கம்மியா வாங்கியிருப்போம்" என்று என் தோளில் கை வைத்து எழுந்தார். அணியில் பலர் என்னோடு பேசவில்லை. அவரோடும்தான்.

மாசிக் கடைசியில் கட்டு பிரித்தார்கள். நடை வந்தது, பழைய ஓட்டம் வரவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கழனிக்கு வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் மறுபடி ஆடினேன். இன்றுவரை யார் காலையும் தொட்டதில்லை. அவர் ஆடவில்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார்.

கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏற வந்தவரின் மூட்டையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். படியில் ஒரு கால் வைத்திருந்தார். சொல்லாமல் விட்டால் ஆயுளுக்கும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"கேப்டன், அன்னிக்கு வழுக்கல."

கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்ப்பா. கால் என்னுதாச்சே. தள்ளி நில்லு, பஸ்ஸ எடுக்குறான்."