சரள் மேட்டுக்கு அடியில் ஓடிய தண்ணீர்

போன வாரம் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குச் சரள் மண் அடித்தார்கள். கொத்தனார் குழாயைப் பிடித்து அதை நனைத்ததும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அது பனவடலிசத்திரத்துப் பக்கம் எங்கள் ஓடையின் வாசனை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் முதல் டிப்பர் வாங்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள், என் பேரைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால், நீங்கள் வெளியூர்க்காரரிடம் கேட்டிருக்கிறீர்கள்.

மழை நின்று மாதக்கணக்காகியும், சித்திரை வெயிலிலும், அந்த ஓடையில் கணுக்காலளவு தண்ணீர் ஓடும். சிவகிரி மலையிலிருந்து வருகிறது என்று அடித்துப் பேசுவேன். என் வயதுக்காரன் சுடலை, அங்கே செம்மறி மேய்த்தவன், ஒருநாள் சிரித்துவிட்டான்.

"ஏலே, என்னைக்காவது மேக்க நடந்து பாத்திருக்கியா? வாய்தாம்ல உனக்கு."

"இப்பமே வாரேன். மலையக் காட்டலன்னா மீசைய எடுத்துருதேன்."

அரை மைல்கூட நடக்கவில்லை. என் பட்டாவிலிருந்த சரள் மேட்டைத் தாண்டியதும் ஓடை காய்ந்து கிடந்தது. மணலில் ஓணான் ஓடியது. திரும்பி வந்து பார்த்தால், மேட்டின் அடிக்கரையில் வியர்வை மாதிரித் தண்ணீர் பொடித்துக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"ஐப்பசியில மேடு குடிச்ச தண்ணில்லா. மெள்ள மெள்ளக் கக்குது. மீச என்னைக்குல?"

மீசையை விட மனசில்லை. பதிலுக்கு அவன் ஆடுகளுக்கு ஓடைக்கரையில் ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தேன்.

டிப்பர் வந்த பிறகு ஓடை மணலைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒரு கூடை அள்ள விடவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ரோட்டு வேலைக்குச் சரள் கேட்டவர்களுக்கு மேட்டை வெட்டிக் கொடுத்தேன். தண்ணீர் அடியிலிருந்துதானே வருகிறது, மேலே எடுத்தால் என்ன என்று நினைத்தது என் ஐந்தாம் வகுப்புப் புத்தி.

"குடிக்க வாயில்லாம அது எங்கனல கக்கும்?" என்று சுடலை வந்து நின்றான்.

"நீ போயி ஆட்டப் பாரு."

மூன்றாம் வருஷம் தை மாதமே ஓடை நின்றது. தொட்டியை நக்கிவிட்டு ஆடுகள் கத்தின. சுடலை மந்தையை மேற்கே ஓட்டினான். சண்டை போடவில்லை.

"நீ சொன்ன மலைத் தண்ணியத்தாம்ல தேடிப் போறேன்" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீசையை எடுத்தேன். யார் கேட்டும் காரணம் சொன்னதில்லை.

அவன் திரும்பி வரவேயில்லை. மேடு இருந்த இடம் இப்போது தட்டைப் பொட்டல். மழை பெய்தால் ஓடை செக்கச்செவேலென்று புரண்டு, சாயங்காலத்துக்குள் வடிந்துவிடுகிறது. தொட்டி மட்டும் விரிசல் விடாமல் நிற்கிறது, நான் கட்டியதல்லவா.

போன வாரம் அந்த வாசனை வந்த மறுநாள் காலையில் பக்கத்து மனைக்குப் போய், குவித்திருந்த சரளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.