மேரி அக்காவின் இருமல்

நான் வாழ்க்கைப் பயிற்சியாளர். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டமொன்றில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். "கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க" என்றேன். முன்வரிசையில் மேரி அக்கா விடாமல் இருமினார். எனக்கு எரிச்சல். குரலை மட்டும் மென்மையாக்கி, "இருமலோட சண்டை போடாதீங்கக்கா, ஏத்துக்கிட்டு சும்மா பாருங்க" என்றேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர், உங்க கிளாஸ கெடுத்துட்டேன். செம்பனைக் காட்டுல புல்லு சாக மருந்து அடிக்கிறேன். மாஸ்க் கேட்டா, எங்களை வேல வாங்குற மண்டோர் நாளைக்கு நாளைக்குங்கிறாருலா. பரவால்ல, இனிமே நீங்க சொன்ன மாதிரி ஏத்துக்கிறேன்."

மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். வகுப்பு முழுக்க அவர் மூச்சுத் திணறியதைக் கேட்டும், "ஏன்க்கா இருமுறீங்க?" என்று கேட்கவில்லை.