கருவைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

எழுபதுகளின் நடுவில் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு மேலேயே எங்கள் ரூம். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர். அந்தத் தெருவில் நிழலுக்காக நகராட்சி வரிசையாக நட்டிருந்த மரம் எதுவென்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சீமைக்கருவேலம். ஊரில் கண்ட இடத்தில் வெட்டி அடுப்பில் வைக்கிற சனியனுக்கு இங்கே பாத்தி கட்டி, கம்பு நட்டு, தினமும் லாரித் தண்ணீர்.

"கருவைக்குப் போயி தண்ணி ஊத்துறாக பாருங்க காக்கா," என்றேன். ரூமில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நம்மூர்ல மனுசனுக்கே தண்ணி இல்ல," என்றார் அவர்.

தண்ணீர் ஊற்றியவர் ஒரு பட்டாணியர். ஐம்பது வயதிருக்கும். தெருவில் உள்ள மரங்களெல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் கடை வாசலில் நின்றது மட்டும் ஆளுயரம் தாண்டியிருந்தது. மத்தியானம் அதன் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்பார். என்னைப் பார்த்தால் சலாம் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணி பாதி வேகும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் கடை மூடல். விருந்தாளிகள் வருகிற நேரம். தெருவே பள்ளிவாசலில் இருந்தது. கறி வெட்டும் கத்தியோடு இறங்கினேன். யோசிக்கவே இல்லை. கருவையை யாரைக் கேட்டு வெட்டுவோம்? பச்சையிலேயே எரியும், வெட்டினாலும் துளிர்த்துவிடும் என்ற ஊர் நினைப்பில் கடை வாசலில் நின்றதை அடியோடு சாய்த்தேன். மொட்டை மாடியில் கல் கூட்டி எரித்தோம். பிரியாணி நன்றாகவே இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நகராட்சி மேலாளர் ஜீப்பில் வந்தார். மரத்தை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டாய் என்று பட்டாணியரைப் பிடித்துக்கொண்டார். கலாஸ், முடிந்தது உன் வேலை, உன்னை ஊருக்கு அனுப்புகிறேன் என்று கத்தியது கடைக்குள் கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு விசா கொடுத்த கபீல் என்னை விமானம் ஏற்றிவிடுவார். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டாணியர் நேராக என்னிடம் வந்தார்.

"பாய், நீங்க எப்பவும் கடையிலதான இருக்கீங்க. நான் வெட்டலன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. உங்களை நம்புவாங்க," என்று இந்தியில் கெஞ்சினார்.

"எனக்குத் தெரியாது பாய்," என்றேன்.

விடவில்லை. என்னை அழைத்துப் போக என் கையைப் பிடித்தார். என் விரல்களெல்லாம் கருவை முள் கீறல். அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையை விட்டுவிட்டார்.

ஜீப்பருகே போய் மேலாளரிடம் ஏதோ சொன்னார். தொலைந்தேன் என்று நினைத்தேன். மேலாளர் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. பட்டாணியர் பின்னால் ஏறி உட்கார்ந்தார், வண்டி கிளம்பியது.

அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்டியதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.